காகிதம் நுழைந்த இடுக்கு

ஊர்த்தலைவர் சியம்வேலாவின் கறுப்புக் காளை, கெனியாஸின் சோளக்கொல்லையில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. தோளுக்குப் பின்னால் ஒரே ஓட்டை. வேலியோரம் பனியில் நனைந்து கிடந்த பித்தளைத் தோட்டாக்கூட்டின் அடியில் 416 என்று பொறித்திருந்தது.

பிங்கா மாவட்டத்தின் அந்த மூலையில் 416 ரகத் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆற்றங்கரையில் ராய் பிளேக்கியின் வேட்டை முகாமில், இரும்புப் பெட்டிக்குள் பூட்டி இருக்கும். யானையையும் காட்டெருமையையும் சாய்க்கிற துப்பாக்கி அது. நின்ற இடத்தில் சோளம் மேய்கிற காளைக்கு அது ரொம்பவே அதிகம்.

கான்ஸ்டபிள் சித்தோலே சைக்கிளை விட்டு இறங்கிய சூட்டோடு வழக்கை முடித்துவிட்டான். முகாமில் மிருகத் தடம் பார்க்கிற கெனியாஸ் முதெண்டாவின் கையில் விலங்கு ஏறியது. காளை இரண்டு தடவை சோளத்தில் வாய் வைத்ததற்கு, பீர்ப் பானையைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தபோது, "அடுத்த தடவை வந்தா சுட்டுப்புடுவேன்" என்று கத்தியவன் கெனியாஸ். செத்த இடம் அவன் கொல்லை. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அவனுடைய வலது புருவத்தில், ரத்தம் காய்ந்தும் காயாமலும், பிறை வடிவில் ஒரு புது வெட்டு.

அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த வெட்டு தெரியும். பெரிய ரகத் துப்பாக்கி சுடும்போது கழுதை மாதிரி பின்னால் உதைக்கும். மேலே மாட்டியிருக்கிற ஸ்கோப்பில், அதாவது தூரத்தைக் கிட்டக் காட்டும் அந்தக் குழாயில், கண்ணை ஒட்டி வைத்தவனுக்கு அதன் விளிம்பு புருவத்தில் முத்திரை குத்திவிட்டுப் போகும்.

கறிக்காகச் சுட்டான், ஆள் வரும் சத்தம் கேட்டு ஓடிவிட்டான் என்று சியம்வேலா எழுதிக் கொடுத்தார். கால்நடைத் திருட்டு என்றால் ஒன்பது வருஷம்; குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. சாயங்காலம் போலீஸ் லாரி வந்து கெனியாஸை ஏற்றிக்கொண்டு போகும். அவன் மனைவி செலினா ஒரு போர்வையையும் ஒரு தூக்கு களியையும் மடியில் வைத்துக்கொண்டு முகாம் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெயிலில் ராத்திரி குளிரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சார்ஜென்ட் எஸ்டெரியா முலேயா வந்து சேர்ந்தது காலை பத்து மணிக்கு, ராயின் வண்டியில்தான். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரை முந்தைய நாள் மத்தியானம் விமானத்தில் ஏற்றிவிட்டு, பிங்கா டவுனில் ராத்திரி தங்கியிருந்தார் ராய். எஸ்டெரியா போலீசுக்கு வருவதற்கு முன்னால் வனத்துறையில் இருந்தவள். பயிரில் இறங்கும் யானைகளைத் துரத்துவதும், துரத்த முடியாததைச் சுடுவதும் பல வருஷம் அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியும் பல் உறுதி. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், அவசரத்தை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. சித்தோலே அவளுக்கு ஆகாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

"வழக்கு முடிஞ்சுது மேடம்" என்றான் அவன், சல்யூட் அடித்த கையை இறக்காமலே.

"நான் இன்னும் வண்டியை விட்டே இறங்கலையேப்பா."

வழியெல்லாம் ராய் சொல்லிக்கொண்டு வந்ததை அவள் கடலையோடு சேர்த்து மென்றிருந்தாள். கெனியாஸ் பதினாறு வருஷம் அவரோடு நடந்தவன். "நேத்து காலையில என் துப்பாக்கியை ரெண்டு ரவுண்டு சுட்டுப் பாத்தேன். ஸ்கோப்போடதான். குறி சரியா இருந்துது, அப்படியே பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுப் போனேன். சாவி எங்க தொங்கும்னு முகாம்ல எல்லாருக்கும் தெரியும், அது என் தப்பு. கெனியாஸ் இப்படிப் பண்ணுவான்னு நான் நினைச்சதில்ல சார்ஜென்ட். ஆனா போன்ல சொன்னாங்களே, அந்தப் புருவத்தை என்ன சொல்லி மறைக்க முடியும்?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

முதலில் கொல்லைக்குப் போனாள். காளை கிடந்த கிடையைச் சுற்றி வந்தாள். சோளம் நான்கு பாத்திக்கு மிதிபட்டிருந்தது. ஒரு காளை மிதித்தால் அவ்வளவு ஆகாது. ஆற்றுப் பக்க வேலி உடைந்து, சேற்றில் அகலமான குளம்புத் தடங்கள் கூட்டமாக இறங்கி, கூட்டமாகத் திரும்பி ஓடியிருந்தன.

"இது என்ன தடம்?"

"மாட்டுத் தடம் மேடம்."

"தலைவர்கிட்ட எத்தனை காளை?"

"ஒண்ணு..." என்று இழுத்த சித்தோலே குனிந்து பார்த்தான். "காட்டெருமை."

"நல்லது. இன்னிக்கு ஒண்ணு கத்துக்கிட்ட."

கெனியாஸை மாவு மூட்டை அறையில் அடைத்திருந்தார்கள். நெடிய ஆள், ஒரு மூட்டை மேல் குறுகி உட்கார்ந்திருந்தான்.

"புருவத்துல என்ன தம்பி?"

"கிளை அடிச்சுதுன்னு காலையில சொன்னேன்."

"இப்ப என்ன சொல்ற?"

"இப்ப நிஜத்தைச் சொல்றேன். ஒருத்தரும் நம்பல. நேத்து மத்தியானம் அந்த டெக்ஸஸ் பெரியவரு, ஊருக்குக் கிளம்பறப்ப, 'இத்தனை நாளா என் துப்பாக்கியைச் சுமந்தியே, ஒரு தடவை சுட்டுப் பாரு'ன்னு கையில குடுத்தாரு. முதலாளி அப்ப விமானம் இறங்கற ஓடுபாதையில நிக்கிற மானை விரட்டப் போயிருந்தாரு. ஒரு பெயிண்ட் டப்பாவைச் சுட்டேன். கண்ணைக் கொண்டுபோய் ஒட்டி வெச்சேன் போல. சுளீர்னு வெட்டிருச்சு. பெரியவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன்."

"அதை ஏன் முதல்லயே சொல்லல?"

"வாடிக்கையாளர் துப்பாக்கியைச் சுடுற தடம்பாக்கிக்கு அன்னிக்கே சீட்டு கிழியும்கா. போன வருஷம் ஒருத்தனை அப்படித்தான் அனுப்பினாரு. தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டேன். முதலாளி பாக்கல."

"அந்தப் பெரியவர் இப்ப எங்க?"

"கடலுக்கு மேல பறந்துக்கிட்டு இருப்பாரு. அவரு துப்பாக்கியும் அவரோடயே போயிருச்சு." கெனியாஸ் விலங்கைப் பார்த்தான். "அக்கா, செலினாவை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. வெயில்ல உக்காந்திருக்கா."

எஸ்டெரியாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதனாலேயே எச்சரிக்கையாக இருந்தாள்.

சமையல்காரிக்குச் சொந்தப் பெயர் இருந்தது, யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவள் லூஸியாவின் அம்மா. ஆற்றில் பிடித்த பொடிக் கருவாட்டைத் தக்காளியோடு கிளறிக்கொண்டே பேசினாள்.

"நேத்து எத்தனை சத்தம் கேட்டீங்க?"

"காலையில ரெண்டு, அது முதலாளி. மத்தியானம் ஒண்ணு. பொழுது சாயறப்ப ஒண்ணு."

"மத்தியானம் சுட்டது யாரு?"

"நான் அடுப்பைப் பாப்பேனா, அவங்களைப் பாப்பேனா?"

"சாயங்காலம்?"

"கொல்லைப் பக்கம் பொம்பளைங்க தகரத்தைத் தட்டிக் கத்திக்கிட்டு இருந்தாங்க. எருமை இறங்கினா தட்டுவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு டமார்னு ஒரு சத்தம். அதோட தகரச் சத்தமும் நின்னு போச்சு. சரி, யாரோ விரட்டிட்டாங்கன்னு நான் உப்புப் போட்டேன்."

"அப்ப முகாம்ல யார் யார் இருந்தா?"

"நான் இருந்தேன். கெனியாஸ் தலைவலின்னு படுத்துட்டான். லாசரஸ் எங்கேயோ. பயிற்சிக்கு வந்திருக்கிற வெலிங்டன் அதுக்கு முந்தி அவன் துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். அவன் எப்பவும் அதைத்தான் துடைப்பான்."

லாசரஸ் ஊர்ச்சபையின் காவல்காரன். வேட்டைக்காரர்களோடு நடந்து கணக்குப் பார்ப்பதும், பயிரில் இறங்கும் மிருகத்தை விரட்டுவதும் அவன் பொறுப்பு. சாப்பாட்டுக் கூடாரத்தில் செய்தித்தாளைக் கிழித்துப் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"தகரம் தட்டினா நீதானே போகணும்?"

"காய்ச்சல் மேடம். படுத்திருந்தேன்."

"எங்க?"

"...தங்கச்சி வீட்ல."

"தங்கச்சி வீட்ல பீர் காய்ச்சியிருந்தாங்களா?"

லாசரஸ் சுருட்டை நக்கி ஒட்டினான். "கொஞ்சம்."

"உன் துப்பாக்கி?"

"இருக்கு. பழசு, ஸ்கோப் கீப் எதுவும் கிடையாது. தோட்டா தீர்ந்து போச்சு. சபையில கேட்டா அடுத்த மாசம்னு சொல்றாங்க."

தோட்டா இல்லாத காவல்காரன் அடுத்தவன் துப்பாக்கியை எடுக்க மாட்டானா? சித்தோலேயின் முகத்தில் அந்தக் கேள்வி ஓடியது. ஒரு குற்றவாளி போதாதென்று இரண்டாவதும் கிடைத்துவிடும் போல அவன் பரபரத்தான்.

"துப்பாக்கியைக் கொண்டா" என்றாள் எஸ்டெரியா.

காலையில் பெட்டியைத் திறந்து எடுத்ததும் போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, முத்திரை வைத்திருந்தான் சித்தோலே. அதுவரை அவன் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். எஸ்டெரியா கயிற்றை அறுத்தாள். கனத்த துப்பாக்கி. முதுகில் ஸ்கோப், அதை இரண்டு உருக்கு வளையங்கள் கவ்விப் பிடித்திருந்தன. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்ன லீவர். லீவரைத் திருப்பினால் வளையம் கழன்று ஸ்கோப் கையோடு வந்துவிடும். திரும்ப வைத்து லீவரை மடக்கினால் கவ்விக்கொள்ளும். இரண்டு லீவரும் இப்போது குழல் நுனியைப் பார்த்து மடங்கியிருந்தன.

அவள் ஸ்கோப்பைத் தொடவில்லை. வளையத்தின் அடியில் குறுக்காக ஓடும் ஆணி, துப்பாக்கியின் முதுகில் பள்ளமாக வெட்டிய காடியில் உட்கார்ந்திருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு லாசரஸிடம் கை நீட்டினாள்.

"ஒரு துண்டு காகிதம் குடு."

"புகைக்கிறீங்களா மேடம்?"

"குடுய்யா."

செய்தித்தாள் துண்டை ஆணிக்கு முன்புறம், காடியின் சுவருக்கும் ஆணிக்கும் நடுவே நுழைத்தாள். காகிதம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பின் வளையத்திலும் அப்படியே போனது. லீவர் இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்கோப்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். மயிரிழை நகரவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் கடலையோடு போட்டுக்கொண்டாள். அப்புறம், வந்ததிலிருந்து முதல் தடவையாக, நன்றாக மூச்சு விட்டாள்.

"வாசல்ல இருக்கிற பொண்ணுக்கு நிழல்ல ஒரு நாற்காலி போடு" என்றாள் சித்தோலேயிடம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மக்காச்சோளக் களியும் கருவாடும். எதிரே வந்து உட்கார்ந்தான் வெலிங்டன் கஸெக்கே. முப்பத்தொன்பது வயதில் ஹராரே வங்கி வேலையை உதறிவிட்டு வேட்டை வழிகாட்டி ஆக வந்தவன். ராயிடம் பயிற்சி, அடுத்த மாதம் உரிமப் பரீட்சை. அதுவரை ஆபத்தான மிருகத்தைத் தனியாகச் சுட அவனுக்கு அனுமதி இல்லை. மனுஷன் பேச ஆரம்பித்தால் களி ஆறிப்போகும்.

"நீங்க வனத்துறையில இருந்தவங்களாமே மேடம்? ஒரு சந்தேகம். நான் பெரிய ரகம் ஒண்ணு வாங்கப் போறேன். கழட்டி மாட்டுற வளையம் எது நல்லது? அலுமினியம் லேசு. உருக்கு கனம். ராய் உருக்குன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு."

"அவர் சொல்றது சரி. உதைக்கிற உதைக்கு அலுமினியம் கொஞ்ச நாள்ல கோணிக்கும்."

"ஆனா கழட்டவே வேண்டியதில்லாத வளையம்தான் இன்னும் உறுதின்னு சொல்றாங்களே?"

"அடிபட்ட எருமை புதருக்குள்ள போய் படுத்துக்கும். நீ தேடிப் போற. பத்தடியில எழுந்து வரும். ஸ்கோப்புல பாத்தா கறுப்பா மயிருதான் தெரியும். கழட்டிட்டு இரும்புக் குறியில சுட்டாத்தான் வீட்டுக்குப் போவ."

"அதான், அதேதான். கிட்டத்துல, இருட்டுல கழட்டிடணும். ராயும் அதைத்தான் தலையில அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு." வெலிங்டன் பக்கத்தில் சாய்த்திருந்த தன் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டான். முகாம் கறிக்கு மான் சுடுகிற சின்ன ரகம். பேசிக்கொண்டே அதன் ஸ்கோப்பைக் கழற்றினான், மாட்டினான், கட்டைவிரலால் இரண்டு லீவரையும் முன்னோக்கித் தள்ளிக் 'கிளிக்' என்று மூடினான். "பாருங்க, எவ்வளவு சுளுவு. இது மாதிரியே பெரிசுக்கும் கிடைச்சா தேவலை. மூணு மாசமா யோசிக்கிறேன், தூக்கமே வரல மேடம்."

"நேத்தும் தூக்கம் வரலையா?"

"நேத்தா?" வெலிங்டன் தண்ணீரை எடுத்துக் குடித்தான். "நேத்து சீக்கிரமே படுத்துட்டேன்."

களி ஆறிப்போயிருந்தது. எஸ்டெரியா அதையும் விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

போலீஸ் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றபோது ஊர்த்தலைவர் சியம்வேலாவும் ஊர்க்காரர்களும் கூடவே வந்துவிட்டார்கள். செலினா எழுந்து நின்றாள். போர்வையை மார்போடு அணைத்திருந்தாள்.

"ஏத்தலாமா மேடம்?" என்றான் சித்தோலே.

"ஒரு சின்ன விளையாட்டு பாக்கி இருக்கு. அதை முடிச்சிட்டு ஏத்தலாம்."

மாவு அறையின் ஜன்னலை அடைக்கச் சொன்னாள். உள்ளே கையும் தெரியாத இருட்டு. ராயின் துப்பாக்கியிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் தனியாக வைத்தாள்.

"யாரோ பழக்கமில்லாத ஆளு இதை நோண்டியிருக்கான். பழகின கை யாரோடதுன்னு தெரிஞ்சா அவங்களைக் கழிச்சிடுவேன். ஒவ்வொருத்தரா உள்ள போய் இதை மாட்டிட்டு வாங்க. சீக்கிரமா மாட்டுறவங்களுக்கு ஒரு பிடி கடலை."

லாசரஸ் போனான். உள்ளே ஏதேதோ இடிபட்டது, ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. வெளியே வந்தபோது ஸ்கோப் ஒரு காலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. லீவரைத் திருப்பத் தெரியாமல் திருகாணி என்று நினைத்து நகத்தை உடைத்துக்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது.

வெலிங்டன் போனான். பத்து எண்ணுவதற்குள் வந்துவிட்டான். "எப்படி?" என்று துப்பாக்கியை நீட்டினான். எஸ்டெரியா காகிதத்தை எடுத்து ஏதோ பார்த்தாள். "நல்ல வேகம்" என்று சொல்லி ஒரு பிடி கடலையைக் கொடுத்தாள். பிறகு சித்தோலே கெனியாஸின் விலங்கைக் கழற்றினான்.

கெனியாஸும் சீக்கிரமே வந்தான். எஸ்டெரியா மறுபடி காகிதத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"லீவர் எந்தப் பக்கம் இருக்கு?"

"தோள்ல வைக்கிற கட்டைப் பக்கம்" என்றார் ராய். "என்னை மாதிரியே. முன்னால மடக்கினா நடக்கறப்ப முள்ளு மாட்டித் திறந்துக்கும்."

"காலையில முத்திரை உடைச்சப்ப எந்தப் பக்கம் இருந்துது சித்தோலே?"

"குழல் பக்கம் மேடம்."

"வெலிங்டன் இப்ப மாட்டிக் கொண்டுவந்தப்ப?"

"அதுவும் குழல் பக்கம்தான்" என்றான் சித்தோலே. வெலிங்டனின் கையிலிருந்த கடலை அப்படியே இருந்தது.

"இன்னொண்ணு" என்றாள் எஸ்டெரியா. "கெனியாஸ், மாட்டும்போது என்ன பண்ணின?"

"என்ன பண்ணுவேன்? வெச்சேன், முன்னால தள்ளினேன், மடக்கினேன்."

"ஏன் முன்னால தள்ளின?"

"தள்ளாட்டி குறி மாறிடுமே. துப்பாக்கி பின்னால உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்துலயே நிக்கப் பாக்கும். அப்ப ஆணி முன்னால நகர்ந்து காடிச் சுவர்ல முட்டும். நாமளே முட்ட வெச்சுட்டா நகராது. முதலாளிக்குத் தினம் நான்தான் மாட்டிக் குடுக்கறேன்."

"காலையில இந்த ஆணிக்கு முன்னால காகிதம் நுழைஞ்சுது. நேத்து காலையில ராய் ஸ்கோப்போட ரெண்டு குண்டு சுட்டிருக்காரு. அப்பவே ஆணி போய் முட்டியிருக்கும், காகிதம் நுழையவே முடியாது. கவ்வின லீவரைத் திறக்காம கையால அதை நகர்த்தவும் முடியாது. அப்ப யாரோ அதுக்கப்புறம் கழட்டி மாட்டியிருக்காங்க. மாட்டினதுக்கு அப்புறம் ஒரு குண்டுகூடச் சுடல." அவள் கெனியாஸின் புருவத்தைக் காட்டினாள். "காளையைச் சுட்டப்ப இந்தத் துப்பாக்கியில ஸ்கோப்பே இல்ல. இல்லாத ஸ்கோப் எப்படிப்பா புருவத்தை வெட்டும்?"

சித்தோலே வாயைத் திறந்தான். "ஸ்கோப்போட சுட்டுட்டு, அப்புறம் கழட்டி மாட்டியிருக்கலாமே மேடம்?"

"எதுக்கு? வேலையத்துப் போயா? தவிர, கெனியாஸ் மாட்டியிருந்தா லீவர் பின்னால இருக்கும், ஆணி முட்டியிருக்கும். அவன் கை பதினாறு வருஷமா அதைத்தான் பண்ணுது. லாசரஸால மாட்டவே முடியாது. சின்ன ரகத்துல பழகின கைதான் முன்னால தள்ள மறக்கும். சின்னது உதைக்காது; வெச்ச இடத்துல வெச்சபடி இருக்கும். அந்தக் கைதான் லீவரையும் முன்னால மடக்கும். இப்பவும் வெலிங்டன் மாட்டினதுல காகிதம் நுழைஞ்சுது, கெனியாஸ் மாட்டினதுல நுழையல." வெலிங்டன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "தகரச் சத்தம் கேட்டுப் போனீங்க. எருமை இறங்கியிருந்துது, தடம் இருக்கு. திருட வந்தவன் ஊரே தகரம் தட்டுற நேரத்துல வருவானா? கிட்டத்துல, இருட்டுலன்னா கழட்டிடணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. கழட்டினீங்க. கறுப்பா ஒண்ணு நின்னுது, சுட்டீங்க."

வெலிங்டன் கடலையை மேஜை மேல் வைத்தான். அவன் கண் கலங்கியது.

"எருமைன்னுதான் நினைச்சேன். சத்தியமா. மத்ததெல்லாம் ஓடிருச்சு, இது மட்டும் நின்னு மென்னுக்கிட்டே இருந்துது. கிட்டப் போய்ப் பாத்தப்ப கழுத்துல மணி. எனக்கு அனுமதி இல்ல, பரீட்சை போயிடும்னு பயம். கூட்டைத் தேடினேன், இருட்டுல கிடைக்கல. விடிஞ்சதும் ராய்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவன் புருவத்தைப் பாத்துட்டாங்க." கெனியாஸைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தான். "அப்புறம் வாய் வரல. மன்னிச்சுடு கெனியாஸ். என்னை நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

"ஒன்பது வருஷம் போயிருக்கும்டா எனக்கு" என்றான் கெனியாஸ்.

ராய் துப்பாக்கியை வாங்கினார். ஸ்கோப்பைக் கழற்றி, முன்னால் தள்ளாமல் வேண்டுமென்றே பின்னால் இழுத்து மாட்டினார். எஸ்டெரியா காகிதத்தை நுழைத்தாள், போனது. ராய் ஆற்றங்கரை மண்மேட்டைப் பார்த்து ஒரு குண்டு சுட்டார். மரத்திலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எஸ்டெரியா மறுபடி நுழைத்தாள். காகிதம் மடங்கி நின்றுவிட்டது. சித்தோலே தானும் ஒரு தடவை நுழைத்துப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ஊர்த்தலைவர் சியம்வேலா மட்டும் சமாதானம் ஆகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெலிங்டன் எதிரே வந்தார்.

"என் காளையைப் பாத்து காட்டெருமைன்னு நினைச்சியா?"

"ஆமா ஐயா."

"அவ்வளவு பெரிசாவா தெரிஞ்சுது?"

"அவ்வளவு பெரிசுதான் ஐயா. தோளு அப்படி இருந்துது."

கிழவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்குங்க. இந்த மாவட்டத்துலயே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கைத்தடியை இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, அதே ஜாதியில் ஒரு இளங்காளை வந்து சேர்ந்தால் திருட்டுப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வெலிங்டன் உடனே ஒப்புக்கொண்டான். பெரிய துப்பாக்கிக்குச் சேர்த்ததெல்லாம் அதற்குத்தான் போகும். அனுமதியில்லாமல் துப்பாக்கி எடுத்ததற்கு அவன் பிங்காவுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். பரீட்சை இந்த வருஷம் இல்லை.

"எந்த வளையம்னு யோசிக்க நிறைய நேரம் கிடைச்சிருக்கு" என்றாள் எஸ்டெரியா. "உருக்கே வாங்குங்க."

லாரி காலியாகத் திரும்பியது. ராய் கெனியாஸிடம் வந்து நின்றார். கையைப் பைக்குள் விட்டார், வெளியே எடுத்தார், மறுபடி விட்டார்.

"உன்னை நம்பாம போயிட்டேன் கெனியாஸ். இத்தனை வருஷம் நீ முன்னால நடந்து நான் பின்னால வந்தேன். ஒரு நாள்ல நம்பாம போயிட்டேன். ரொம்பத் தப்பு."

கெனியாஸ் தரையைப் பார்த்தான். "முதலாளி, அந்த டெக்ஸஸ் பெரியவர் துப்பாக்கி விஷயம்..."

"எந்தத் துப்பாக்கி?"

"நான் சுட்டது. நம்ம முகாம் விதிப்படி..."

"உன் புருவத்துல கிளைதானே அடிச்சுது? முதல்லயே நீதான் சொன்னியாமே, சித்தோலே எழுதி வெச்சிருக்கான்." ராய் அவன் தோளில் கை போட்டார். "அந்தக் கிளையை நாளைக்கே வெட்டிப் போட்டுடு. இன்னொருத்தன் கண்ணுல படப்போவுது."

கெனியாஸ் சிரிக்க ஆரம்பித்தான். அது பாதியில் அழுகையாக மாறியது. செலினா ஓடிவந்து அவனை ஒரு அடி அடித்தாள், பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கிலிருந்த களியை இருவரும் லாரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்புறம் அவள் போர்வையைப் புழுதி போக உதறி, மடித்து, தலையில் வைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.